80டி-யிலிருந்து ஆர்6 மார்க் 2-க்கு: பழைய கையும் புதிய பாடியும்

கேனான் 80டி 2016-ல் வந்த கேமரா. கல்யாண மண்டபங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வைத்துத் தொழில் செய்தவர்களில் ஒரு சாரார் இப்போது மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமராவுக்கு) மாறும்போது வாங்குவது, 2022 இறுதியில் வெளியான ஈஓஎஸ் ஆர்6 மார்க் 2. இரண்டிலும் 24.2 மெகாபிக்சல்தான். அதனால் பெட்டியைப் பிரித்ததும் இரண்டு கேமராப் படங்களையும் கணினியில் அருகருகே வைத்துப் பெரிதாக்கிப் பார்த்து நேரம் போக்க வேண்டாம். மாறியிருப்பது வேறு.

80டி-யில் 45 புள்ளிகளில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள். அது அங்கே ஃபோகஸ் பிடித்தது, அவ்வளவுதான். ஆர்6 மார்க் 2 அப்படி இல்லை. யாருடைய முகம், அதில் எந்தக் கண், வ்யூஃபைண்டரில் எவ்வளவு வெளிச்சம் காட்டுவது, மாட்டிய லென்ஸுக்குச் சென்சாரில் எவ்வளவு இடம் கொடுப்பது என்று பலவற்றைத் தானே முடிவு செய்துகொள்கிறது. இவற்றில் எதை அதன் போக்கில் விடுவது, எதைத் திரும்ப நம் கைக்கு வாங்குவது என்று தெரிந்துகொள்வதுதான் இந்தக் கேமராவைப் பழகுவது. அது தெரியாமல் முதல் ஆர்டருக்கு எடுத்துப் போகக் கூடாது.

முதலில் கண்ணைச் சரிசெய்யுங்கள். வ்யூஃபைண்டருக்குப் பக்கத்தில் டயாப்டர் திருகு இருக்கிறது. உள்ளே தெரியும் எழுத்துகளும் எண்களும் கூர்மையாகும்வரை அதைத் திருப்புங்கள்; காட்சியைப் பார்த்துத் திருப்பினால் லென்ஸின் ஃபோகஸ் குழப்பும். கண்ணாடி போட்டு எடுப்பவர் கண்ணாடியோடும், கழற்றி எடுப்பவர் கழற்றியும் சரிபார்க்க வேண்டும். இது ஒரு நிமிட வேலை. செய்யாமல் விட்டால் எல்லாப் படமும் மங்கலாகத் தெரிந்து லென்ஸின் மேல் பழி விழும்.

அடுத்தது இடது கை. 80டி-யில் ஆன் ஆஃப் சுவிட்ச் இடது தோளில், மோட் டயலுக்கு அடியில் இருந்தது. புதிய பாடியில் அதே இடத்தில் இருப்பது ஃபோட்டோ, வீடியோ மாற்றும் சுவிட்ச். அணைப்பதாக நினைத்து இடது விரலால் தள்ளினால் கேமரா வீடியோவுக்குப் போய்விடும். பையில் விழித்தபடியே கிடந்து பேட்டரியைத் தின்னும், அடுத்த படத்துக்கு எடுத்தால் ஷட்டர் விழாது. உண்மையான சுவிட்ச் வலது பக்கம், கட்டைவிரல் எட்டும் இடத்தில். அதில் ஆஃப், லாக், ஆன் என மூன்று நிலைகள். லாக்கில் நின்றுவிட்டால் கேமரா ஓடும், ஆனால் பூட்டிவைத்த டயல்கள் அசையாது. டயல் கெட்டுவிட்டதாகப் பதறுவதற்கு முன் அந்தச் சுவிட்சைப் பாருங்கள். மேலே இருந்த சின்னத் திரையும் இதில் கிடையாது. ஐஎஸ்ஓவை மேல்பக்கத்து மூன்றாவது டயலில் வைத்துக்கொண்டால் மேனுவல் மோடில் ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் கண்ணை எடுக்காமல் மாற்றலாம். இரண்டு டயலோடு வேலை செய்த கைக்கு இது பெரிய விடுதலை.

லென்ஸ் விஷயத்தில் நிதானம் தேவை. கேனானின் ஈஎஃப் லென்ஸ்களில் 1987-ல் தொடங்கிய நாள் முதல் ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால், ஈஎஃப்-ஈஓஎஸ் ஆர் அடாப்டரில் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் அப்படியே வேலை செய்யும். அடாப்டருக்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லை. பழைய மவுண்டுக்கும் சென்சாருக்கும் 44 மி.மீ. தூரம், புதியதில் 20 மி.மீ.; நடுவில் உள்ள 24 மி.மீ. இடைவெளியை நிரப்பும் வளையம் அது. படத்தின் தரம் குறையாது. ஆனால் 80டி-யோடு வந்த 18-135 போன்ற ஈஎஃப்-எஸ் லென்ஸை (80டி-யில் உள்ளது போன்ற சிறிய சென்சாருக்காகச் செய்தது) மாட்டினால் கேமரா தானாகவே 1.6 மடங்கு வெட்டிவிடும். கிடைப்பது 3744 × 2496, அதாவது 9.3 மெகாபிக்சல். ஆல்பத்தில் இரண்டு பக்கம் விரிகிற படத்துக்கு அது போதாது. ஈஎஃப்-எஸ் லென்ஸ்களை 80டி-யோடு சேர்த்து வைத்துக்கொள்வது அல்லது விற்பது நல்லது. புதிய பாடியில் மாட்டிச் சமாளிக்க நினைக்க வேண்டாம்.

50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு மாற்றம். 80டி-யில் அது முழு ஃபிரேமின் (ஆர்6 மார்க் 2-வில் உள்ள பெரிய சென்சாரின்) 80 மி.மீ. போலத் தெரிந்தது. இப்போது அது 50-ஆகவே தெரியும். மணப்பெண் முகத்துக்கு முன்பு நின்ற இடத்தில் நின்றால் பக்கத்து நாற்காலியும் ஃபிரேமுக்குள் வரும். அதே நெருக்கம் வேண்டுமானால் 85 தேவை. 85-ஐ மாட்டியதும் கூர்மை நிற்கும் ஆழம் குறைகிறது. 2 மீட்டர் தூரத்தில், 80டி-யில் 50 மி.மீ. எஃப்/1.8-க்கு அந்த ஆழம் ஏறத்தாழ 11 செ.மீ.; முழு ஃபிரேமில் 85 மி.மீ. எஃப்/1.8-க்கு ஏறத்தாழ 6 செ.மீ.தான். மாப்பிள்ளையும் பெண்ணும் சற்று முன்பின்னாக நின்றால் ஒருவர் மங்கிவிடுவார். அதே தூரத்தில் எஃப்/4 வைத்தால் சுமார் 13 செ.மீ. கிடைக்கும். ஒருவர் என்றால் எஃப்/2, இருவர் என்றால் எஃப்/4, இரண்டு வரிசைக் குடும்பப் படம் என்றால் இன்னும் பின்னால் தள்ளி நின்று எஃப்/5.6 அல்லது 8 என்று கைக்குச் சொல்லிக்கொடுங்கள். ஐஎஸ்ஓ ஏறுமே என்ற பயம் 80டி காலத்துப் பயம். இந்தச் சென்சாரில் 6400 தாராளமாகப் பயன்படும். 1600-லிருந்து இரண்டிரண்டு மடங்காக 25600 வரை ஒரே காட்சியை எடுத்து, நீங்கள் ஆல்பம் அச்சிடும் அளவில் பாருங்கள். உங்கள் எல்லை எது என்று உங்கள் கண்ணே சொல்லும்.

வேறு நிறுவனத்து ஈஎஃப் லென்ஸ்களில் படத்தின் மேல் வட்ட வட்டமாக வளையம் தெரிந்தால், கேமரா மெனுவில் லென்ஸ் திருத்தங்களை அணைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

<b>வ்யூஃபைண்டர் காட்டுவது எது</b>

கண்ணாடி வழியாகப் பார்த்த காலத்தில் மண்டபம் எப்படி இருந்ததோ அப்படியே தெரிந்தது. இப்போது தெரிவது சென்சார் தயாரித்துக் கொடுக்கும் ஒரு சிறிய ஜேபெக். பிக்சர் ஸ்டைல், வைட் பேலன்ஸ், கான்ட்ராஸ்ட் எல்லாம் அதில் ஏறிவிடும். ஹிஸ்டோகிராமும் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) அதிலிருந்துதான் வருகிறது. ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுப்பவர்கள் பிக்சர் ஸ்டைலை நியூட்ரலில் வைத்தால் ஹிஸ்டோகிராம் உண்மைக்குக் கொஞ்சம் நெருங்கும். பளிச்சென்ற ஸ்டைலில் பட்டுப் புடவையின் ஜரிகை வெளுத்ததாகக் காட்டும், ராவில் விவரம் மிச்சமிருக்கும். அதை நம்பி எக்ஸ்போஷரைக் குறைத்தால் முகத்தில் நாய்ஸ் ஏறும்.

இருட்டு மண்டபத்தில் வ்யூஃபைண்டர் பளிச்சென்று தெரிவதால் படமும் வெளிச்சமாக வந்திருப்பதாக எண்ணுவது இயல்பு. திரையின் பிரகாசத்தை ஒரு நிலையில் நிறுத்திவிட்டு, எக்ஸ்போஷரை ஹிஸ்டோகிராமில் மட்டும் தீர்மானியுங்கள்.

ஃப்ளாஷ் வைப்பவர்கள் கட்டாயம் சந்திக்கும் சிக்கல் ஒன்று. 1/200, எஃப்/5.6, ஐஎஸ்ஓ 400 என்று வைத்தால் வ்யூஃபைண்டர் கும்மிருட்டாகிவிடும். காரணம், ஃப்ளாஷ் இல்லாமல் அந்த அமைப்பில் எப்படி வருமோ அதைக் கேமரா காட்டுகிறது. கேனான் ஃப்ளாஷை மாட்டினால் புரிந்துகொண்டு வெளிச்சமாகக் காட்டும்; நடுப் பின் மட்டும் உள்ள எளிய ட்ரிக்கர் (தள்ளி வைத்த ஃப்ளாஷை அடிக்க வைக்கும் கருவி) என்றால் அதற்குத் தெரியாது. டிஸ்ப்ளே சிமுலேஷனை டிஸேபிள் செய்யுங்கள். அந்த மாற்றத்தை ஒரு பட்டனில் வைத்துக்கொண்டால் ஃப்ளாஷ் உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் நடுவில் மெனுவைத் தேட வேண்டாம்.

ஐஎஸ்ஓ 200-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் திரையில் டி+ என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஹைலைட் டோன் பிரயாரிட்டி (பளிச்சென்ற பகுதிகள் வெளுக்காமல் காக்கும் அமைப்பு) ஆனில் இருக்கும். அணைத்தால் 100 வரும்.

<b>ஃபோகஸ்</b>

அதிக நாள் செலவழிக்க வேண்டியது இங்கேதான். 80டி-யில் ஃபோகஸ் அளப்பதற்குக் கண்ணாடிக்கு அடியில் தனிப் பகுதி இருந்தது. அதற்கும் சென்சாருக்கும் மயிரிழை வேறுபாடு இருந்தாலும் ஃபோகஸ் முன்னேயோ பின்னேயோ விழும். அதனால்தான் லென்ஸுக்கு லென்ஸ் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் செய்தோம். இப்போது சென்சாரே அளக்கிறது. அந்த மெனு கிடையாது, தேவையும் இல்லை. முன்பு ‘இந்த லென்ஸ் சரியில்லை’ என்று ஒதுக்கிய சில லென்ஸ்கள் இதில் நன்றாக வேலை செய்யலாம். விற்பதற்கு முன் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள்.

முகத்தைத் தேடுவதில் இந்தக் கேமரா கெட்டிக்காரத்தனம் காட்டும். நம் ஊர் மண்டபம் அதற்குக் கடினமான பரீட்சை. மேடைக்குப் பின்னால் மணமக்கள் படம் போட்ட ஃப்ளெக்ஸ், பக்கவாட்டில் அதே முகங்கள் ஓடும் எல்இடி திரை, முன்னால் வரிசையாக உறவினர்கள். படத்தில் உள்ள முகமும் கேமராவுக்கு முகம்தான். முழுப் பரப்பும் அதன் பொறுப்பில் விட்டால், அட்சதை போடக் குனிந்தவரின் முகமோ ஃப்ளெக்ஸில் சிரிப்பவரின் முகமோ பெட்டிக்குள் வந்து நிற்கும்.

இதற்குச் சில ஏற்பாடுகள். எதைத் தேடுவது என்ற இடத்தில் ஆட்டோவை விட்டுவிட்டு பீப்பிள் வையுங்கள். பின்தொடரும் ஆளை மாற்றும் அமைப்பை 0-வில் வையுங்கள். முதலில் பிடித்தவரையே விடாமல் பின்தொடர முயலும். முழுப் பரப்புக்குப் பதிலாக ஃபிளெக்ஸிபிள் ஸோன் ஒன்றைச் சிறிதாக அமைத்து, ஜாய்ஸ்டிக்கால் மணப்பெண்ணின் மேல் கொண்டுபோய் வைத்துத் தொடங்குங்கள். ஜாய்ஸ்டிக் 80டி-யில் இல்லாத வசதி. கட்டைவிரல் அதைப் பார்க்காமல் தேடிப் போக ஒரு வாரமாவது ஆகும்.

எல்லாவற்றையும்விட உதவுவது இரண்டு பட்டன் முறை. ஏஎஃப்-ஆன் பட்டனில் ஒற்றைப் புள்ளி ஃபோகஸ், அதற்குப் பக்கத்து நட்சத்திரப் பட்டனில் ஐ டிடெக்‌ஷன் ஏஎஃப், ஷட்டரில் மீட்டரிங் மட்டும். தாலி, மோதிரம், மெட்டி, ஆரத்தித் தட்டு என்றால் ஏஎஃப்-ஆன். முகம் என்றால் நட்சத்திரம். கேமரா முகத்தைத் தேட வேண்டுமா கூடாதா என்பதை அந்தக் கணத்தில் கட்டைவிரல் தீர்மானிக்கிறது. கட்டிமேளம் ஒலிக்கும்போது முகத்திலிருந்து தாலி முடிச்சுக்கும் திரும்ப முகத்துக்கும் தாவ வேறு எந்த முறையும் இவ்வளவு வேகமாக இல்லை.

தொடுதிரையில் விரலை இழுத்து ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் வசதி ஆனில் இருந்தால், வ்யூஃபைண்டரில் கண் வைக்கும்போது மூக்கு திரையில் பட்டுப் புள்ளி ஓடும். ஒன்று அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் திரையின் வலது பாதிக்கு மட்டும் கட்டுப்படுத்துங்கள். இடது கண்ணால் பார்த்து எடுப்பவர்கள் அணைத்துவிடுவதே நல்லது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 80டி-யின் 45 புள்ளிகளும் குறுக்குவகைப் புள்ளிகள். நிற்கும் கோட்டையும் படுத்த கோட்டையும் பிடிக்கும். ஆர்6 மார்க் 2-வின் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் இடம் வலமாக இரண்டு பாதி. அதனால் கேமராவைக் கிடையாகப் பிடிக்கும்போது நிற்கும் கோடுகளைத் துல்லியமாகப் பிடிக்கும், படுத்த கோடுகள் மட்டும் உள்ள இடத்தில் தடுமாறும். மூடிய கடையின் ரோலிங் ஷட்டரை எதிரே நின்று ஒற்றைப் புள்ளியில் எடுத்துப் பாருங்கள், புரியும். மேடைப் படி விளிம்பிலும் புடவையின் குறுக்குக் கோட்டிலும் இதேதான். கேமராவைச் சிறிது சாய்த்தால் பிடித்துக்கொள்ளும்; பிடித்த பிறகு நிமிர்த்திக்கொள்ளலாம். இது பழுது இல்லை, கட்டமைப்பே அப்படி. சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டாம்.

<b>மூன்று ஷட்டர்கள்</b>

மெக்கானிக்கல், எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன் (சென்சார் தொடங்கி வைக்க, ஷட்டர் திரை முடித்து வைப்பது), முழு எலக்ட்ரானிக் என்று மூன்று. எலக்ட்ரானிக்கில் நொடிக்கு 40 படம், சத்தமே கிடையாது என்பதால் எல்லோரும் முதலில் அதைத்தான் போடுவார்கள். கல்யாண மண்டபத்தில் அது ஆபத்து.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மங்கி எழும். எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தச் சென்சாரை மேலிருந்து கீழ்வரை படித்து முடிக்க ஏறத்தாழ 15 மில்லி நொடி ஆகிறது. அதற்குள் விளக்கு ஒன்றரை முறை ஏறி இறங்கிவிடும். படத்தின் குறுக்கே இருட்டுப் பட்டைகள் விழுவது அதனால்தான், ஷட்டர் வேகம் கூடக் கூடப் பட்டை அழுத்தமாகும். அசையும் பொருளும் சாயும்; தவில்காரரின் குச்சி வளைந்து தெரியும். ஃப்ளாஷ் அடிக்கவே அடிக்காது. ராவின் ஆழமும் 14 பிட்டிலிருந்து 12 பிட்டாகிறது, நிழலை ஏற்றும்போது வித்தியாசம் தெரியும். எலக்ட்ரானிக் ஷட்டரை வெயிலிலோ, பறவைக்கோ, சத்தம் கூடாத கச்சேரி மேடைக்கோ வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரி மேடையிலும் விளக்கைச் சோதித்த பிறகே.

மண்டபத்துக்கு மெக்கானிக்கல் அல்லது எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன், கூடவே ஆன்டி-ஃப்ளிக்கர் ஆன். விளக்கு உச்சத்தில் இருக்கும் கணத்தில் ஷட்டர் விழும்படி கேமரா பார்த்துக்கொள்ளும். தொடர் வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. அதிலும் பட்டை வந்தால் 1/100 அல்லது 1/50-க்கு இறங்குங்கள். எல்இடி திரை இதற்கெல்லாம் அடங்காது, அதன் துடிப்பு மிக வேகமானது. அதற்கு எச்எஃப் ஆன்டி-ஃப்ளிக்கர் என்று தனி அமைப்பு உண்டு. ஷட்டர் வேகத்தைத் தசம அளவில் சிறிது சிறிதாக நகர்த்தலாம். திரையில் பட்டை மறையும் எண் கிடைத்ததும் அந்த நிகழ்ச்சி முழுவதும் அதையே வையுங்கள். நிகழ்ச்சி தொடங்கும் முன் மேடை விளக்கைப் போடச் சொல்லி இதைச் செய்துவிட வேண்டும்.

80டி-யில் 1/250-ல் ஃப்ளாஷ் அடித்துப் பழகியவர்கள் கவனிக்க: இதில் எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டனில்தான் 1/250, மெக்கானிக்கலில் 1/200. எளிய ட்ரிக்கர் மாட்டி மெக்கானிக்கலில் 1/250 வைத்தால் ஃபிரேமின் ஒரு ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். 1/200-ஐ வழக்கமாக்கிக்கொண்டால் இரண்டிலும் தொல்லையில்லை. ஃபர்ஸ்ட் கர்ட்டனுக்கும் ஒரு குறை உண்டு. வெயிலில் எஃப்/1.8, 1/2000-க்கு மேல் போனால் பின்னணியின் மங்கல் வட்டங்கள் வெட்டுப்பட்டது போல வரும். அங்கே மெக்கானிக்கலுக்கு மாறுங்கள்.

பாடிக்குள்ளேயே ஸ்டெபிலைசர் இருப்பதால் பழைய 50 மி.மீ.கூட 1/15-ல் அசையாமல் நிற்கும். நிற்பது மண்டபமும் தூணும்தான். மனிதர்கள் அசைவார்கள். நிற்பவருக்கு 1/125, நடப்பவருக்கு 1/250, ஆடுபவருக்கு 1/500 என்ற பழைய கணக்கு மாறவில்லை.

<b>பேட்டரி, கார்டு, ஃபைல்</b>

80டி-யின் எல்பி-இ6என் பேட்டரி இதிலும் பொருந்தும். ஆனால் ஆப்டிகல் வ்யூஃபைண்டரில் 960 படம் என்று கணக்கிட்ட கேமராவிலிருந்து, எலக்ட்ரானிக் வ்யூஃபைண்டரில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு வருகிறோம். தொடர் படங்கள் எடுத்தால் எண்ணிக்கை கூடும். படம் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாலே பேட்டரி இறங்கும் என்பதுதான் புதிய பாடம். காலை முகூர்த்தத்துக்கு மூன்று பேட்டரி வேண்டும். யுஎஸ்பி-சி வழியாகவும் ஏற்றலாம், ஆனால் பவர் டெலிவரி உள்ள சார்ஜர் வேண்டும். சாதாரணப் போன் சார்ஜரில் ஏறாது.

கார்டு இடம் இரண்டு. ஒரே படம் இரண்டிலும் பதியும்படி வைத்துவிடுங்கள், கல்யாணத்தை இரண்டாம் முறை எடுக்க முடியாது. வேகம் இரண்டில் மந்தமான கார்டுக்கு ஏற்பத்தான் இருக்கும் என்பதால் பழைய யுஎச்எஸ்-1 கார்டு ஒன்றும் புதியது ஒன்றுமாகப் போட்டால் புதியதற்குக் கொடுத்த காசு வீண். கார்டு இல்லாமல் ஷட்டர் விழும் அமைப்பை முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

ஃபைல் சிஆர்2-விலிருந்து சிஆர்3-ஆக மாறிவிட்டது. லைட்ரூம் 6 போன்ற பழைய பதிப்பில் திறக்காது. கேனானின் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல் இலவசம்; அடோபியின் டிஎன்ஜி கன்வர்ட்டரும் இலவசம், அதில் மாற்றி பழைய லைட்ரூமிலேயே வேலையைத் தொடரலாம். ஆல்பம் டிசைனருக்கு ரா அனுப்புகிறவர்கள் இதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

லென்ஸ் மாற்றும்போது கண்ணாடி இல்லாததால் சென்சார் நேராக வெளியே தெரியும். கேமராவை அணைத்தால் ஷட்டர் திரை மூடிக்கொள்ளும்படி மெனுவில் வைத்து, அணைத்த பிறகே கழற்றுங்கள், வாய் கீழே பார்க்கட்டும். மூடிய திரையை விரலால் தொடவோ புளோயரை ஒட்டிவைத்து ஊதவோ கூடாது. அந்தத் தகடுகள் மெல்லியவை. மாதம் ஒரு முறை எஃப்/22-ல் தெளிந்த வானத்தை ஃபோகஸ் கலைத்து எடுத்தால் தூசி எங்கே என்று தெரிந்துவிடும்.

இத்தனையும் ஓரளவு கைக்கு வந்த பிறகு மோட் டயலில் உள்ள சி1, சி2, சி3 என்ற சேமிப்பு இடங்களை நிரப்புங்கள். சி1-ல் முகூர்த்தம்: மேனுவல், 1/200, எஃப்/2.8, ஆட்டோ ஐஎஸ்ஓ 12800 வரை, சர்வோ (விடாமல் தொடரும் ஃபோகஸ்), ஆன்டி-ஃப்ளிக்கர். சி2-ல் ஃப்ளாஷோடு குரூப்: எஃப்/5.6, ஒன்-ஷாட் (ஒரு முறை பிடித்து நிற்கும் ஃபோகஸ்), சிமுலேஷன் அணைத்தது. சி3-ல் நடனம்: 1/500. இவற்றில் ஆட்டோ அப்டேட்டை டிஸேபிள் செய்ய வேண்டும். இல்லையென்றால் நேற்று ரிசப்ஷனில் அவசரத்துக்கு மாற்றியதெல்லாம் இன்று காலை முகூர்த்தத்தில் வந்து நிற்கும். எல்லா அமைப்பையும் கார்டில் சேமித்து அந்த ஃபைலைக் கணினியிலும் ஒரு பிரதி வையுங்கள். ரீசெட் செய்ய நேர்ந்தால் ஒரு நிமிடத்தில் திரும்ப வாங்கலாம்.

முதல் சில நிகழ்ச்சிகளுக்கு 80டி-யும் தோளில் இருக்கட்டும், டெலி லென்ஸோடு. புறப்படும் முன் இரண்டு கேமராவிலும் நேரத்தை நொடி வரை ஒன்றாக வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எடிட்டிங்கில் தேதி வாரியாக அடுக்கும்போது மாலை மாற்றுவதற்கு முன்னால் தாலி கட்டு வந்து நிற்கும், ஆயிரம் படங்களைக் கையால் நகர்த்த வேண்டியிருக்கும்.